மூணாம் கட்டு

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். ஆளை விடுங்க."

டெலிபோன் ஆபீஸ் வாசலில் வழிமறித்து நின்ற ஹெட் கான்ஸ்டபிள் கோட்டைச்சாமியைக் கையெடுத்துக் கும்பிட்டாள் நாகவல்லி.

ஆபரேட்டரிடம் நம்பர் சொல்லி லைன் வாங்க வேண்டியிருந்த 1972. காரைக்குடியில் அந்த ஆபரேட்டர்களில் ஒருத்தி அவள். காதில் குரல் விழும்போது, சில சமயம் அந்தக் குரலுக்கு உரியவருக்கு நடக்கப் போவதும், அவர் செய்யப் போவதும் கண்முன் படமாக ஓடிவிடும். பார்த்தது எதுவும் இதுவரை தப்பியதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் போனில் புருஷன் பேசும்போதே அவன் லாரி கவிழ்வது தெரிந்தது. கெஞ்சினாள், அழுதாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். பிணமாகத்தான் வந்தான். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அவள் வாயைத் திறப்பதில்லை. அந்த விபத்தை விசாரித்த கோட்டைச்சாமிக்கு மட்டும் இந்த விஷயம் தெரியும்.

"கூட்டிப் பெருக்கப் போன பொம்பளைக ரெண்டு பேரைக் காணோம் தாயி" என்றார் கோட்டைச்சாமி. "ரெண்டு பேரும் கடைசியாப் போனது கண்டனூர்ல அந்தப் பூட்டிக் கெடக்குற பெரிய வீட்டுக்கு. சாவி வச்சிருக்க கருத்தையா, கூலி வாங்கிட்டு அப்பவே போயிட்டாகங்கிறான். வீட்டுக்காரவுக மெட்ராஸ்ல. சாட்சி இல்லாம உள்ள நுழைய இன்ஸ்பெக்டர் ஒத்துக்க மாட்டேங்கிறாரு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நேத்து அவன் மெட்ராசுக்கு ட்ரங்க் கால் போட்டான். லைன் குடுத்தது நீ. என்ன பாத்தே?"

நாகவல்லி நகரப் பார்த்தாள்.

"ரெண்டாமவ பேரு சின்னத்தாயி. கைப்பிள்ளைக்காரி. பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனவ. அது பால் குடிக்காம கத்துது தாயி."

அவள் கால்கள் நின்றுவிட்டன.

"தேட வேணாம்ணே. ரெண்டு பேரும் அந்த வீட்டுப் பின்முற்றத்துல, மூணாம் கட்டுலதான் இருக்காக. தரைக்கு அடியில. மூணு பொம்பளை உசுரைக் குடுத்தா அங்க புதையல் கிடைக்கும்னு எவனோ அவனுக்குச் சொல்லியிருக்கான். மூணாவது உசுரு நாளைக்கு. குனிஞ்சு பெருக்கும்போது பின்னாலேருந்து கழுத்துல கயிறு விழுகுது."

"யாரு அவ?"

நாகவல்லி கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தாள்.

"பள்ளத்தூர் அம்மாக்கண்ணுவை வரச் சொல்லியிருக்கேன்னு போன்ல சொன்னான்."

"அப்ப இன்னைக்கே போயி அவளைத் தடுத்துருவோம்."

"தடுங்க. ஆனா யாருமே போகலைன்னா உஷாராயிருவான். அடுத்த மாசம் வேற ஒருத்தியைக் கூப்பிடுவான். ஆள்விட்டுத்தான் சொல்லியிருக்கான், அம்மாக்கண்ணு மூஞ்சியை அவன் பாத்ததில்லை. அவளுக்குப் பதிலா நான் போறேன்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"பாத்துப் பாத்துச் சும்மா இருந்தது போதும்ணே. பின்வாசல்ல நில்லுங்க. உள்ள போனதும் தாழ்ப்பாளை எடுத்து விட்டுர்றேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கண்டனூர் வீட்டின் முன் நின்றாள்.

"நீதான் அம்மாக்கண்ணா?"

"ஆமாங்கய்யா."

கருத்தையா மரியாதையாகத்தான் பேசினான். உள்ளே விட்டுவிட்டு வாசல் கதவைப் பூட்டினான். "மூணாம் கட்டுலேருந்து ஆரம்பி. நான் முன்னாடி இருக்கேன்."

நாகவல்லி பின்வாசலுக்கு ஓடினாள். கதவில் உள்பக்கம் பெரிய பூட்டு தொங்கியது. சாவி அவன் இடுப்பில். கோட்டைச்சாமியும் ரெண்டு போலீஸ்காரர்களும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார்கள். இப்போது கத்தினால் அவன் ஒன்றும் தெரியாதவன் போல நிற்பான்.

அவள் திரும்பி வந்து விளக்குமாற்றை எடுத்தாள். தரையில் ஓரிடத்தில் மட்டும் சிமெண்ட் புதிதாக இருந்தது. அதைப் பார்க்காமல் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை.

கயிறு விழுந்தது.

விழுந்த அதே நொடியில் இடது கையைக் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே கொடுத்தாள். கயிறு விரல்களை நெரித்தது. வலது கையிலிருந்த விளக்குமாற்றைத் தலைகீழாகத் திருப்பி, தோளுக்கு மேலாக அவன் முகத்தில் ஒரே குத்தாகக் குத்தினாள். ஈர்க்குகள் கண்ணில் ஏறின. கருத்தையா போட்ட அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

பின்வாசலை உடைத்துக்கொண்டு போலீஸ் உள்ளே பாய்ந்தபோது, கண்ணைப் பொத்திக்கொண்டு கிடந்தவனின் முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் கயிற்றாலேயே அவன் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள் நாகவல்லி.

மத்தியானத்துக்குள் தரையைத் தோண்டினார்கள். சாட்சி கேட்ட இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சின்னத்தாயியின் தாய் மண்ணில் விழுந்து அழுதுவிட்டு, எழுந்து வந்து நாகவல்லியைக் கட்டிக்கொண்டாள். பள்ளத்தூரிலிருந்து ஓடிவந்த அம்மாக்கண்ணு அவள் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கருத்தையாவை ஜீப்பில் ஏற்றியபோது தெருவே திரண்டு வந்து காறித் துப்பியது.

கூட்டம் கலைந்ததும் கோட்டைச்சாமி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாத்தது எதுவும் தப்பாதும்பியே தாயி, இன்னைக்குத் தப்பிருச்சே! செத்துக் கெடக்க வேண்டிய அம்மாக்கண்ணு உசுரோட வீட்டுக்குப் போறா, பாரு."

நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

"நான் அம்மாக்கண்ணுவைப் பாக்கவே இல்லைண்ணே. மூணாம் கட்டுல செத்துக் கெடந்தது நான்."