என் மீதி எங்கே?

தம்மையும் ஒன்றையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதவர்கள்தான் பகா எண்கள். அவர்கள் தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், அங்கே இருப்பவர்கள் வகுத்துப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் மீதி வந்தால்தான் வீடு.

முப்பதாயிரத்து முப்பத்தொன்று வந்தபோது இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என அதுவரை அங்கே குடியிருந்த எல்லாரும் வகுத்தார்கள். எல்லாருக்கும் மீதி ஒன்று. அன்றிலிருந்து தெருமுனைக் காவல் அவருடையது.

ஒருநாள் ஐம்பத்தொன்பது வந்தான்.

"முப்பத்தொன்பது, அறுபத்தொன்பது எல்லாம் உங்க ஆளுங்கதானே? மூணால உடையுற கும்பல்! இங்க என்னடா வேலை?" என்று சீறினார் முப்பதாயிரத்தார்.

"என்னை வகுத்துப் பார்த்துட்டுப் பேசுங்க."

வகுத்தார்கள். எல்லாருக்கும் மீதி வந்தது. ஏழு வேண்டாவெறுப்பாக வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"இப்ப நானும் இந்தத் தெருக்காரன். உங்களை நான் வகுக்கலாம்ல?" என்று முப்பதாயிரத்தாரைக் கேட்டான் ஐம்பத்தொன்பது.

"என்னையா? இந்தத் தெருவே பார்த்தாச்சுடா! போறவன் வர்றவன் எல்லாம் தொட்டுப் பார்க்க நான் என்ன சந்தைக் கத்தரிக்காயா?"

அவன் அதற்குள் வகுத்து முடித்திருந்தான். ஐந்நூற்று ஒன்பது முறை சரியாகப் போனது. மீதி இல்லை.



முப்பதாயிரத்தார் தொண்டை கிழியக் கத்தினார்: "இவன் வர்ற வரைக்கும் என்கிட்ட ஒரு மீதி இருந்துச்சு! எல்லாரும் பார்த்தீங்கல்ல? கதவைச் சாத்துங்க! இவன் சட்டைப்பையைச் சோதனை போடுங்க!"