தடுக்க முடியாத குருவி

காக்ஸ் டவுனில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்துக்கு, திறந்த பக்கங்களை முழுக்க மூடிப் புறா வலை கட்டுகிறார்கள். உள்ளே, தண்ணீர்க் குழாய்க்கு மேல் ஒட்டியிருக்கும் மண் கிண்ணக் கூட்டில் நான்கு தகைவிலான் குஞ்சுகள்; தாய்க்குருவி வெளியே இரை தேடப் போயிருக்கிறது. வலை சலித்துவிட்ட சாயங்கால வெயில், சங்கச் செயலாளர் பத்ரிநாத்தின் புதுக் காரின் மேல் கட்டம் கட்டமாக விழுகிறது. நான் விடுவேனா? "பத்ரி, தகைவிலான்னா யாராலயும் தடுக்க முடியாததுன்னு அர்த்தம். ஆதிமனுஷன் முதல் கூரை போட்டான் பாரு, ஈரம் காயறதுக்குள்ள இது மண்ணோட வந்து நின்னுது. கோட்டை விழுந்தது, ராஜா ஓடினான், இது மட்டும் காலி பண்ணலயே! புலவனுங்க இதைப் பார்த்துத்தான் பாடவே கத்துக்கிட்டானுங்க" என்று அளக்கிறேன். வலை கட்டுகிறவர் ஏணியில் நின்றபடியே சிரிக்கிறார். பத்ரிநாத் காரிலிருந்து எச்சத்தைத் துடைக்கிறார். "இத்தனை வருஷம் நம்மகூட இருந்தும் கக்கூஸ் போகக் கத்துக்கலையே ஸார்!"

எனக்கும் சிரிப்பு வந்து தொலைக்கிறது. "குஞ்சு பறக்கிற வரைக்கும் ஒரு ஓரத்தை மட்டும் திறந்து விடுப்பா" என்கிறேன் ஏணியில் நிற்பவரிடம். "ஒரு ஓரம் விட்டா ஊர்ப் புறா பூரா உள்ள வந்துடும் ஸார்." கடைசி முடிச்சு இறுகுகிறது. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வாயில் பூச்சியோடு அம்பாக வரும் தாய், வலையில் மோதித் தொற்றி, விலகி, மறுபடியும் வருகிறது. அதன் நிழல் மட்டும் தாராளமாக உள்ளே நுழைந்து, சுவரில் ஊர்ந்து, கூட்டைக் கடக்கிறது. கடக்கும்போதெல்லாம் நான்கு வாய்களும் மஞ்சளாகத் திறக்கின்றன.