துணி கட்டிய ஜாடி

“வீட்டுக்குள்ளேயே கொசு வளர்க்கிறியா?” என்று நோராவிடம் சீறினார் சுகாதார இன்ஸ்பெக்டர் டெஸ்மண்ட். துணி கட்டிய கண்ணாடி ஜாடிக்குள் புழுக்கள் நெளிந்தன.

“காக்ஸ் டவுன் பூரா டெங்கு ஏன் பரவாது? ‘கொசு வளர்க்கும் வீடு’ன்னு வாசல்ல நோட்டீஸ் ஒட்டறேன்!”

“ஐயோ சார், அதைப் பார்த்தா யாரும் எனக்கு கவுன் தைக்கக் கொடுக்க மாட்டாங்களே!” தையல் மிஷினை விட்டு எழுந்துவந்து நோராவின் அம்மா அழுதாள்.

நோராவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “வீடு வீடா தண்ணி எடுத்து, அதுல இருக்கற புழு எந்தக் கொசுவா மாறுதுன்னு பார்த்து எழுதச் சொன்னதே மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் சார்!”

“ஸ்கூலைப் பாதியில விட்ட பொண்ணுக்கு ஆராய்ச்சி ஒண்ணுதான் குறைச்சல்! யார் வீட்டுத் தண்ணி இது? அவங்க வாசல்ல ஒட்டறேன்.”

“தாராளமா ஒட்டுங்க. உங்க வீட்டுத் தொட்டித் தண்ணிதான். நேத்து உங்க மிஸஸே மொண்டு கொடுத்தாங்க.”

டெஸ்மண்ட் நோட்டீஸை மடித்துப் பையில் போட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.