நாலு மணி நேரப் பயணம்

டாக்சியிலிருந்து இறங்கி புவனகிரி கபரஸ்தானுக்குள் ஓடிய அப்துல் முத்தலிப், புதிதாய் மூடிய மண்ணைப் பார்த்ததும் கத்தினான்.

“அம்மா மொகத்தக்கூடப் பாக்க விடாம அடக்கிட்டியாடா? நான் வர்றேன்னு தந்தி குடுத்தேன்ல?”

“வந்துச்சுண்ணே” என்றான் தம்பி யூசுப்.

“சிங்கப்பூர்லேர்ந்து மெட்ராசுக்கு ஏரோப்ளேன்ல நாலே மணி நேரம். அங்கேர்ந்து கார்ல அஞ்சு மணி நேரம். அதுக்குள்ள அப்படி என்னடா அவசரம்?”

“மையத்தக் காக்க வெக்கக் கூடாதுண்ணே.”

“எந்த மடையன் சொன்னான்?”

யூசுப் பக்கத்திலிருந்த பழைய கபரைக் காட்டினான்.

“அத்தா மவுத்தானப்ப நான் பினாங்குலேர்ந்து ப்ளேன்ல வந்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு இதே எடத்துல நின்னு சொன்னது நீங்கதாண்ணே.”