நேராகப் பார்ப்பவன்

சந்தானலட்சுமியின் வீட்டு சர்வர் என்பது, திரை உடைந்த ஒரு லேப்டாப்பும் ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க்குகளும்தான். இறந்துபோன கணவர் தணிகாசலத்தின் போனிலிருந்து எடுத்த படங்களை அதில் வைத்திருந்தாள்.

சீல் வைக்க வந்த அதிகாரி அலுத்துக்கொண்டார்.

"வீட்டுல ஃபைல் வெச்சுக்குறது குற்றம்னு தெரியாதாம்மா? எல்லாத்தையும் பொதுச் சேமிப்பகம் பத்திரமா வெச்சிருக்கு. படத்துல குறை இருந்தாக்கூட அதுவே சரி பண்ணிடுது."

"அதான் சார் என் வயித்தெரிச்சல்!"

மாலையோடு சுவரில் தொங்கிய படத்தைக் கழற்றி அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். வருஷத் திதிக்காகச் சேமிப்பகத்திலிருந்து அச்சிட்டு வாங்கிய படம் அது.

"நல்லாத்தானே இருக்கு?"

"அவருக்கு மாறுகண்ணு சார். இருபத்திரண்டு வருஷம் என்கிட்ட பேசும்போதெல்லாம் ஜன்னலைப் பாக்குற மாதிரிதான் இருக்கும். நீங்க சீல் வைக்கிற பொட்டியில இருக்கறவருதான் என் புருஷன். இந்த ஆளு நடு ஹால்ல தொங்கிக்கிட்டு என்னையே குறுகுறுன்னு பாக்குறான். யாரு சார் இவன்? இவனுக்கா நான் படையல் போடணும்?"