மிலுதினுக்கு ஒரு காயில்

"அத்தை, இது செம்புக் கம்பி. செம்புல காயில் சுத்துனா சூடு ஏறாது, மெஷின் ஷார்ட்னுதான் காட்டும். நேத்தும் இதையேதான் சொன்னேன்."

"நேத்துக் கொண்டுவந்தது தடிக் கம்பி. இது மெல்லிசு," என்றாள் கடைக்கு வந்திருந்த வயதான தெசாங்கா.

வூகாஷின் பல்லைக் கடித்துக்கொண்டான். நீஷ் நகரத்திலிருந்து மைதான்பெக்குக்கு வந்து மின்சிகரெட் கடை போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்த ஊரின் செம்புப் பைத்தியம் அவனுக்குப் புரிந்துவிட்டது. மலையைக் குடைந்து செம்பு எடுக்கிற ஊர். வேலி பிய்ந்தாலும் வாளியின் காது அறுந்தாலும் செம்புக் கம்பியை எடுத்துச் சுற்றிவிடுவார்கள்.

கடை சாத்தும் நேரம் தாண்டிவிட்டது. கால்பந்து ஆட்டம் தொடங்கியிருக்கும்.

"இங்க பாருங்க. இதான் காயிலுக்குன்னு உள்ள கம்பி. இது சூடாகித்தான் திரவத்தைப் புகையாக்கும். ஸ்க்ரூ டிரைவர் தண்டுல இறுக்கிச் சுத்துங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கணும்."

தெசாங்கா சுற்றினாள். சுரங்கத்து உணவுக்கூடத்தில் காலமெல்லாம் அண்டா தேய்த்த விரல்கள் அவளுக்கு. மயிர் போன்ற கம்பி அந்த விரல்களுக்குள் அகப்படாமல் துள்ளியது. ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது.

"அத்தை, காயில் சுத்தச் சொன்னா குருவிக்கூடு கட்டுறீங்க."

"கட்டுனா கட்டிட்டுப் போறேன். பிரிச்சுக் கொடு."

"கொடுங்க, நானே போட்டுத் தரேன். ரெண்டு நிமிஷ வேலை."

"இன்னிக்கு நீ போடுவ. அடுத்த தடவை நீ கடையைக் காலி பண்ணிட்டு ஓடிட்டா நான் யாரைத் தேடுறது?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவள் கம்பியை நீவி நேராக்கினாள். மறுபடி சுற்றினாள்.

"சரி, காயில் சுத்தியே வர்ற மெஷின் இருக்கே. அதை வாங்கிக் கொடுங்களேன் உங்க வீட்டுக்காரருக்கு."

"மிலுதினுக்கு அது ஆகாது. தகரத்தை நக்குற மாதிரி இருக்குன்னு சொல்வாரு. தன் கையால சுத்துனதுதான் வேணும்."

"அப்ப சுத்திக்க வேண்டியதுதானே. இங்க வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

"அவர் எங்க வர்றது? எதுவும் நான் கொண்டுபோய்க் கொடுத்தாத்தான். சாப்பாடும் அப்படித்தான்."

வூகாஷினுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. அவன் அப்பாவும் இப்படித்தான். சோபாவை விட்டு எழுந்திருக்காமலே, குடிக்கத் தண்ணீர்கூடக் கையில் வந்து சேர வேண்டும்.

"படுத்த இடத்துக்கே சாப்பாடு, படுத்த இடத்துக்கே புகை. நல்ல ராஜா வாழ்க்கை."

"ஆமாம்," என்றாள் தெசாங்கா. "இப்பப் பாரு, ஒட்டியிருக்கா?"

ஒட்டியிருந்தது. கோணல்தான், ஆனாலும் காயில். இரண்டு முனைகளையும் கருவியின் திருகுகளுக்கு அடியில் கொடுத்து முடுக்க வைத்தான். மிச்சக் கம்பியை நறுக்கச் சொன்னான். அவள் பொத்தானை அமுக்கியதும் காயில் நடுவிலிருந்து சிவந்துகொண்டு வந்தது. தெசாங்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல இது வேலை செய்யணும், தம்பி. போன தடவை கருகுன நாத்தம்தான் வந்துச்சு. அவர் தம்பி சிரிச்சுட்டு, சிகரெட்டை எடுத்துப் பத்த வச்சுக் கொடுத்துட்டான். நாளைக்கும் பாக்கெட்டோட வருவான்."

"சிகரெட்டை விட்டவருக்கா?"

"அதான் என் வயித்தெரிச்சல். அதை விடுறதுக்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கதவை உதைச்சாரு, சூப்புத் தட்டைத் தூக்கி எறிஞ்சாரு, என்னைப் பாத்தாலே எரிஞ்சு விழுந்தாரு. அத்தனையும் தாண்டி வந்தவர். மறுபடியும் அந்தக் கருமத்துக்குப் போக நான் விடுவேனா?"

"அதுக்கு அவரே வேணாம்னு சொல்லணும், அத்தை. தம்பி நீட்டுனா இவர் வாங்கிக்குவாரா?"

தெசாங்கா பஞ்சைத் திரித்துக் காயிலுக்குள் நுழைத்தாள். வூகாஷின் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"இவ்வளவு திணிச்சா திரவம் ஊறாது. அப்புறம் கருகத்தான் செய்யும். தலையணைக்கா பஞ்சு அடைக்கிறீங்க?"

அவள் உருவிப் போட்டுவிட்டு மெல்லிசாகத் திரித்தாள். இந்தத் தடவை லேசாக இழுத்ததும் நகர்ந்தது. நுனிகளைக் கத்தரித்து உள்ளே மடித்தாள். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்தாள். மூடியைப் போட்டுத் திருகினாள்.

"முடிஞ்சுது. எடுத்துட்டுப் போய் மகாராஜா கையில கொடுங்க," என்று வூகாஷின் விளக்கை அணைக்க எழுந்தான்.

தெசாங்கா எழுந்திருக்கவில்லை. கருவியை வாயில் வைத்து உறிஞ்சினாள். இருமல் பிடுங்கித் தள்ளியது. கண்ணில் நீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடி வாயில் வைத்தாள்.

"விடுங்க அத்தை. உங்களுக்குப் பழக்கமில்ல."

"பழகணும். இருமாம எப்படி இழுக்கிறதுன்னு சொல்லிக் கொடு."

வூகாஷினுக்குப் பொறுமை அறுந்துவிட்டது. "இதை இழுக்கிறதுமா நீங்க? அந்த மனுஷன் அதைக்கூடத் தானாச் செய்ய மாட்டாரா?"

தெசாங்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்குச் செத்தவங்களுக்குப் படைக்கிற சனிக்கிழமை, தம்பி. சிகரெட்டுன்னா பத்த வச்சுக் கல்லறை மண்ணுல குத்திட்டாப் போதும், தானா எரிஞ்சுடும். இதை யாராவது இழுத்து ஊதினாத்தானே அவருக்குப் போய்ச் சேரும்."