அக்கரை ஊளை

வடக்கே ஒரு தீவு. உள்ளே ஊசியிலைக் காடு, சுற்றிலும் கடல் போல ஏரி. குளிர் மிஞ்சிப்போகும் வருஷங்களில் மட்டும் ஏரி உறைந்து அக்கரைக்குப் பாதை விடும்.

அந்தத் தீவில் ஒரே ஒரு பெண் ஓநாய்தான் மிஞ்சியிருந்தது. அது மானை அடிக்கும். மிச்சத்தை ஓர் அண்டங்காக்கை தின்னும். ஓநாய் அக்கரைக்குப் போய்விட்டால் தன் வயிறு காயுமே என்று காக்கைக்குப் பயம். அதனால் ஓநாய் துணை தேடி ஊளையிடும்போதெல்லாம் காட்டுக்குள்ளிருந்து ஓநாய்க் குரலிலேயே பதில் கொடுத்தது. அதை நம்பி ஓநாயும் இரண்டு குளிர்காலம் தீவுக்குள்ளேயே தேடி அலைந்தது.

ஒருநாள் குரல் வந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. திறந்த அலகோடு காக்கை உட்கார்ந்திருந்தது.

"நீதானா?" என்று மட்டும் கேட்டது ஓநாய். அதற்குப் பிறகு ஊளையிடவே இல்லை.

அடுத்த குளிரில் ஏரி உறைந்தது. அக்கரையிலிருந்து ஓர் ஊளை கேட்டது. ஏமாற்றியது உறுத்திக்கொண்டே இருந்ததால் காக்கைக்கு இந்தத் தடவை பொறுக்கவில்லை.

"அக்கா, இது நானில்லை! ஓடுங்க!" என்று மரத்திலிருந்து கத்தியது காக்கை.

"தூரத்துக் குரலையும் நல்லாத்தான் பழகியிருக்கே," என்று ஓநாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூன்று நாள் கெஞ்சிப் பார்த்த காக்கைக்கு நான்காம் நாள்தான் புத்தி வந்தது. கீழே இறங்கி, அலகை இறுக மூடிக்கொண்டு, ஓநாயின் கண்ணெதிரே உட்கார்ந்தது. ஊளை மறுபடி கேட்டது.

ஓநாய் விழுந்தடித்துக்கொண்டு கரைக்கு ஓடியது. இரவெல்லாம் அடித்த காற்றில் ஏரியின் பனிக்கட்டி உடைந்து பாளம் பாளமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது.

ஓநாய் அங்கேயே நின்று ஊளையிட்டது. அக்கரையிலிருந்து பதில் வந்தது. காக்கை அலகைத் திறக்கவே இல்லை.